ஏரில பச்சை ஏடு படிஞ்சா உடனே மருந்து போடாதீங்க

போன வாரம் ஒரு நண்பர் கூப்பிட்டு, வீட்டுப் பக்கத்து ஏரி முழுக்க பச்சை பெயிண்ட் கொட்டின மாதிரி ஆயிடுச்சு, என்ன மருந்து போட்டா ரெண்டு நாள்ல போகும்னு கேட்டார். நாலு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே கேள்வியோடதான் அலைஞ்சேன். போன்ல அவருக்கு பாதிதான் சொல்ல முடிஞ்சுது, மீதியை இங்க எழுதிடறேன், ஏன்னா கைல மருந்து மூட்டையோட கரைக்குப் போற யாராவது ஒருத்தர் அதுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டாக்கூட எனக்குப் போதும்.

நான் தினம் நடக்கப் போற ஏரில அந்த வருஷம் காத்தே இல்லாத ஒரு கோடை. காலைல போனா கரையோரமா பால் மேல ஏடு படிஞ்ச மாதிரி கெட்டியா பச்சை, மத்தியானம் கொஞ்சம் காத்து அடிச்சா எல்லாம் கலைஞ்சு போயிடும், சரி போயிடுச்சுன்னு நிம்மதியா வீட்டுக்கு வந்தா மறுநாள் காலைல எதிர்க்கரைல நிக்கும். முதல்ல பச்சைப் புல் வாசனை மாதிரி இருந்துச்சு, அப்புறம் மண் வாசனை, கடைசில அழுகின நாத்தம். ஏரியைப் பாத்துக்கற நாங்க பத்துப் பதினஞ்சு பேர் கூடிப் பேசி துருசு, அதாவது காப்பர் சல்பேட், போட்டுடலாம்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டோம். அந்தக் கூட்டத்துல ஒரு பெரியவர், லேப்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அது சாகும், சரி. செத்தா அதுக்குள்ள இருக்குற விஷம் எங்க போகும்?" யாருக்கும் பதில் தெரியல. அன்னிக்கு ராத்திரி வந்து நான் படிக்க ஆரம்பிச்சதுதான், இன்னும் படிச்சுட்டே இருக்கேன்.

முதல்ல ஒண்ணு, நாம பாசின்னு சொன்னாலும் இது பாசியே இல்ல, பாக்டீரியா. சயனோபாக்டீரியா. செடி மாதிரி வெயில்ல சாப்பாடு தயாரிச்சுக்கும், அதனால பச்சையா இருக்கு, அதனாலதான் நீலப்பச்சைப் பாசின்னு பேர் ஒட்டிக்கிச்சு. கோடிக்கணக்கான வருஷமா பூமில இருக்கு, நாம மூச்சு விடுற ஆக்சிஜனையே முதல்ல காத்துல நிரப்பினது இதுதான், அதனால எனக்கு இது மேல கோபம் எல்லாம் கிடையாது. எல்லா ஏரிலயும் கொஞ்சம் இருக்கும், இருக்கணும். பிரச்சினை அது கட்டுக்கடங்காம பெருகும்போது. மைக்ரோசிஸ்டிஸ், டோலிகோஸ்பெர்மம், ரஃபிடியாப்சிஸ் மாதிரி சில வகைங்க செல்லுக்குள்ள நச்சு தயாரிக்கும். மைக்ரோசிஸ்டின் நேரா கல்லீரலுக்குப் போகும், சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் கல்லீரலையும் கிட்னியையும் கெடுக்கும், அனாடாக்சின் நரம்பைப் பிடிக்கும். இதுல கொடுமை என்னன்னா ஒரே இனத்துலயே நச்சு பண்றதும் உண்டு, பண்ணாததும் உண்டு, மைக்ராஸ்கோப் வெச்சுப் பாத்தாக்கூட ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால கண்ணால பாத்துட்டு "இது ஒண்ணும் பண்ணாது"ன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க.

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். அதுக்குப் பதில் 1979ல நடந்த ஒரு சம்பவத்துல இருக்கு. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து கரைக்குப் பக்கத்துல பாம் ஐலண்ட்னு ஒரு தீவு, பூர்வகுடி மக்கள் வாழற இடம். அவங்களுக்குக் குடிதண்ணி சாலமன் அணைல இருந்து. தண்ணில வாசனை வருது, ருசி கெட்டுப்போச்சுன்னு சனங்க சொல்ல, பாசியைக் கொல்றதுக்காக அணைல காப்பர் சல்பேட் போட்டாங்க. அடுத்த சில நாள்ல இருந்து குழந்தைங்க ஒவ்வொருத்தரா ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பிச்சாங்க, வாந்தி, ஈரல் வீக்கம், அப்புறம் ரத்தத்தோட பேதி. மொத்தம் 148 பேர், அதுல பெரியவங்க 10 பேர்தான், மீதி எல்லாம் பிள்ளைங்க. மாங்காய் தின்னதால இருக்குமோன்னுகூட முதல்ல சந்தேகப்பட்டாங்க, மர்ம நோய்னே பேர் வெச்சாங்க. பல வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது, அணைல இருந்த சயனோபாக்டீரியாவோட நச்சு அது. அந்த நச்சுக்கு சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின்னு பேர் வந்ததே 1992லதான். உயிர் போகாம எல்லாரும் பிழைச்சது பெரிய விஷயம். ஆனா தண்ணியைச் சரி பண்ணணும்னு நல்ல மனசோட செஞ்ச காரியம் நச்சை மொத்தமா தண்ணில அவுத்து விட்டிருக்கு, இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல, ஏன்னா நாங்களும் அதே மூட்டையைத்தான் வாங்கறதா இருந்தோம்.

நடக்கிறது என்னன்னா, மைக்ரோசிஸ்டின் மாதிரி நச்சுங்க செல் உயிரோட இருக்குற வரைக்கும் பெரும்பாலும் செல்லுக்குள்ளயேதான் இருக்கும். ஒவ்வொரு செல்லும் ஒரு விஷப் பை மாதிரி. பையோட சேத்து எடுத்தா விஷமும் போயிடும். பையைக் கிழிச்சா விஷம் தண்ணில கரைஞ்சிடும், கரைஞ்சதை வலை போட்டோ சாதாரண ஃபில்டர் போட்டோ பிடிக்க முடியாது. சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் இன்னும் மோசம், செல் உயிரோட இருக்கும்போதே கணிசமா வெளில கசிஞ்சுட்டு இருக்கும். காப்பர் பண்றது அந்தக் கிழிக்கிற வேலையை. 1904ல இருந்தே ஏரிகள்ல இதைப் போட்டுட்டு வராங்க, மலிவு, வேகம், ரெண்டு நாள்ல தண்ணி தெளிஞ்சிடும், பாக்கறவங்களுக்கு வேலை முடிஞ்ச மாதிரி தெரியும். ஆனா தெளிஞ்ச தண்ணிலதான் அப்போ விஷம் அதிகம், நாத்தமும் நிறமும் இல்லாததால யாரும் எச்சரிக்கையா இருக்கவும் மாட்டாங்க. செத்தது எல்லாம் அடில போய் அழுகும்போது ஆக்சிஜனை உறிஞ்சிடும், மீன் செத்து மிதக்கும். காப்பர் சேத்துலயே தங்கிடும், பாசியைத் தின்னுட்டு இருந்த நுண்ணுயிர்ங்களையும் சேத்துக் கொல்லும், அப்புறம் அடுத்த பெருக்கத்தைத் தின்ன ஆளே இருக்காது. செத்த செல்லுல இருந்த பாஸ்பரஸ் மறுபடி தண்ணிலயே கரைஞ்சு அடுத்த தலைமுறைக்குச் சாப்பாடாயிடும். நாலு வாரத்துல திரும்ப பச்சை, திரும்ப மூட்டை.

இந்தப் பாஸ்பரஸ்தான் கதையோட வேர். கனடால டேவிட் ஷிண்ட்லர்னு ஒரு விஞ்ஞானி, 1973ல ஏரி 226ன்னு நம்பர் போட்ட ஒரு ஏரியை நடுவுல திரை கட்டி ரெண்டாப் பிரிச்சார். ரெண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டாங்க, ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். பாஸ்பரஸ் போட்ட பக்கம் பச்சையாப் போச்சு, இன்னொரு பக்கம் பழையபடி கருநீலமாவே இருந்துச்சு. மேல இருந்து எடுத்த அந்த போட்டோவை நெட்ல தேடிப் பாருங்க, நூறு பக்கம் படிக்கிறதை அது ஒரே பார்வைல சொல்லிடும். ஒரு கிலோ பாஸ்பரஸ் ஏரிக்குள்ள வந்தா 500 கிலோ வரைக்கும் ஈரப் பாசி வளர முடியும்னு ஒரு கணக்கு உண்டு. லிட்டருக்கு 20, 30 மைக்ரோகிராம் தாண்டினாலே தொல்லை ஆரம்பிக்கலாம், கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியவே தெரியாத அளவு அது.

நைட்ரஜனையும் குறைக்கணுமா, பாஸ்பரஸ் மட்டும் போதுமான்னு விஞ்ஞானிங்களுக்குள்ள இன்னும் வாதம் ஓடிட்டுதான் இருக்கு. டோலிகோஸ்பெர்மம் மாதிரி சிலது காத்துல இருக்குற நைட்ரஜனையே பிடிச்சுக்கும், மைக்ரோசிஸ்டிஸால அது முடியாது. என் கருத்து, ரெண்டையும் குறைக்க முடிஞ்சா குறைங்க, ஒண்ணுதான் முடியும்னா பாஸ்பரஸ்.

வெளில இருந்து கழிவோட வர்ற பாஸ்பரஸை நிறுத்தினாலே ஏரி தேறும்ங்கறதுக்கு அமெரிக்கால சியாட்டில் பக்கத்துல இருக்குற லேக் வாஷிங்டன் சாட்சி. சுத்திகரிச்ச சாக்கடைத் தண்ணியை அதுலதான் விட்டுட்டு இருந்தாங்க, 1955ல ஆசில்லடோரியான்னு ஒரு சயனோபாக்டீரியா அங்க பெருகினதைப் பாத்து எட்மண்ட்சன்ங்கற விஞ்ஞானி இது இன்னும் மோசமாகும்னு எச்சரிச்சார். 1958ல மக்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்டாங்க, 1963ல இருந்து 1968க்குள்ள அந்தத் தண்ணியை எல்லாம் ஏரிக்கு வராம திருப்பிட்டாங்க. சில வருஷத்துலயே ஏரி தெளிய ஆரம்பிச்சிடுச்சு. ஒரு சொட்டு மருந்து போடல.

ஆனா எல்லா ஏரிக்கும் அந்தக் கொடுப்பினை இல்ல. லேக் வாஷிங்டன் ஆழம், சீக்கிரமா பிடிச்சுட்டாங்க. பல வருஷம் கழிவு குடிச்ச ஆழமில்லாத ஏரில வாய்க்காலை அடைச்சாலும் பச்சை நிக்காது, எங்க ஏரி இந்த ரகம்தான், அதனால இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். வந்த பாஸ்பரஸ்ல பெரும்பகுதி அடிச் சேத்துல இரும்போட ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். கோடைல தண்ணி அடுக்கடுக்கா பிரிஞ்சிடும், மேல சூடான தண்ணி, கீழ குளிர்ந்த தண்ணி, ரெண்டும் கலக்காது. கீழ ஆக்சிஜன் தீந்து போனதும் இரும்பு தன் பிடியை விட்டுடும், ஒட்டியிருந்த பாஸ்பரஸ் கரைஞ்சு மேல கிளம்பும். வெளில இருந்து சொட்டுத் தண்ணி வராத மாசத்துலயும் ஏரி தன் பழைய சேத்துல இருந்தே பாசிக்குச் சாப்பாடு போட்டுட்டு இருக்கும். ஆழமில்லாத ஏரில அடுக்குப் பிரியறது ஒரு பகல் பொழுதுக்கு நடந்தாலும் போதும், ராத்திரி காத்துல கலந்து எல்லாம் மேல வந்துடும். இதுக்கு மேல சயனோபாக்டீரியாவுக்கு இன்னொரு வசதி, செல்லுக்குள்ள குட்டிக் குட்டி காத்துப் பை வெச்சிருக்கு, வெளிச்சம் வேணும்னா மேல மிதக்கும், சாப்பாடு வேணும்னா கீழ இறங்கும். காலைல ஏடு, மத்தியானம் காணோம்னு நான் குழம்பினதுக்குக் காரணம் காத்தோட சேந்து இதுவும்தான்.

இந்தச் சேத்தைப் பூட்டுறதுக்குத்தான் படிகாரம், சரியா சொன்னா அலுமினியம் சல்பேட். தண்ணில போட்டா பஞ்சு மாதிரி திரண்டு இறங்கும், இறங்கும்போதே பாஸ்பரஸைப் பிடிச்சுக்கும், அடில ஒரு போர்வை மாதிரி படிஞ்சு கீழ இருந்து வர்றதையும் பிடிக்கும், ஆக்சிஜன் போனாலும் இரும்பு மாதிரி விட்டுடாது. நூத்துக்கும் மேல ஏரிகளைப் பாத்து எழுதின ஒரு ஆய்வுல, ஆழமான ஏரில இதோட பலன் சராசரியா 20 வருஷம் வரைக்கும், ஆழமில்லாததுல 6 வருஷம் போலன்னு வருது. சேத்தைக் கிளறுற கெண்டை மீன் அதிகம் இருந்தா இன்னும் சீக்கிரம் தீரும். ஆனா இதை நாமளா மூட்டை வாங்கிக் கொட்டக் கூடாது, தண்ணியோட பிஎச், அதாவது அமிலமா காரமான்னு காட்டற அளவு, கீழ இறங்கிடுச்சுன்னா அலுமினியமே மீனுக்கு விஷம், அளந்து, பக்கத்துலயே பிஎச் பாத்துக்கிட்டு, தெரிஞ்சவங்க போடணும். ஆஸ்திரேலியால 1990கள்ல கண்டுபிடிச்ச லாந்தனம் கலந்த களிமண், பாஸ்லாக்னு பேர், இதே வேலையை பிஎச் மாத்தாம பண்ணும், விலைதான் அதிகம். ரெண்டுலயும் ஒரு நிபந்தனை, வாய்க்கால் வழியா வர்றதை முதல்ல நிறுத்தியிருக்கணும். வராந்தால குழாயைத் தொறந்து விட்டுட்டு துடைச்சிட்டே இருந்தா எப்படி.

ஆழமான ஏரியா இருந்தா கலக்கி விடறதும் வேலை செய்யும். ஆம்ஸ்டர்டாம் பக்கத்துல நியூவே மீர்னு 30 மீட்டர் ஆழத்துல ஒரு ஏரி, அடில குழாய் போட்டு காத்துக் குமிழி விட்டு முழு ஏரியையும் கலக்கினாங்க, மைக்ரோசிஸ்டிஸால மிதந்து மேல வர முடியல, வெளிச்சம் கிடைக்காம குறைஞ்சு போச்சு, அந்த இடத்தை டயாட்டம்ங்கற இன்னொரு வகைப் பாசியும் பச்சைப் பாசியும் பிடிச்சுக்கிச்சு. ஆனா எங்க ஏரி மாதிரி ரெண்டு மூணு மீட்டர் ஏரில அதே குமிழி சேத்தைக் கிளறி இன்னும் பாஸ்பரஸைத்தான் மேல கொண்டு வரும். குமிழி மெஷின் விக்கிறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

அவசரமா ஏதாவது பண்ணியே ஆகணும்னா, எனக்கு ஓரளவு நம்பிக்கை இருக்குறது ஹைட்ரஜன் பெராக்சைட் மேல. நெதர்லாந்துல கூட்ஸ்ஹவுஸ்னு ஒரு ஏரில 2009ல லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுல சீரா கலந்தாங்க, சில நாள்லயே சயனோபாக்டீரியா 99 சதவீதம் குறைஞ்சுது, ஏழு வாரம் வரைக்கும் திரும்ப வரல, மைக்ரோசிஸ்டின் அளவும் கூடவே இறங்கிடுச்சு. அந்த அளவுல பச்சைப் பாசியும் மத்த உயிர்ங்களும் பெரும்பாலும் தாங்கிக்கும், சயனோபாக்டீரியாவால தாங்க முடியாது, மருந்தும் ரெண்டு மூணு நாள்ல தண்ணியும் ஆக்சிஜனுமா பிரிஞ்சிடும். அளவு கொஞ்சம் கூடினா தண்ணிக்குள்ள இருக்குற நல்ல பூச்சிங்களும் போகும், பாசி ரொம்பக் கெட்டியா இருந்தா மருந்து பத்தாது. குடிதண்ணி ஏரின்னா இதையும் நச்சை அளக்காம தொடவே கூடாது. வைக்கோல் மிதக்க விடறது, நுண்ணுயிர் உருண்டை எறியறது, அல்ட்ராசவுண்ட் பெட்டி மிதக்க விடறது எல்லாம் பத்தி ரொம்பப் பேர் கேக்கறாங்க, வைக்கோல் ஒரு இடத்துல பலிச்சா இன்னொரு இடத்துல பலிக்கல, மத்த ரெண்டுக்கும் சோதிச்சுப் பாத்த ஆய்வுங்க சாதகமா இல்ல. உங்க காசையும் நேரத்தையும் வாய்க்கால் வழியா வர்ற கழிவை நிறுத்தறதுல போடுங்க.

குடிக்கிற தண்ணி விஷயம் தனியா சொல்லணும், ஏன்னா இங்கதான் உயிர் போயிருக்கு. 1996ல பிரேசில்ல கருவாருன்னு ஒரு ஊர்ல டயாலிசிஸ் பண்ணிக்கிட்டிருந்த நோயாளிகளுக்கு, சரியா சுத்திகரிக்காம லாரில வந்த தண்ணில மைக்ரோசிஸ்டின் இருந்திருக்கு. குடிச்சிருந்தாலாவது குடல் கொஞ்சம் தடுத்திருக்கும், இது நேரா ரத்தத்துக்குப் போச்சு. 100 பேருக்கும் மேல பாதிக்கப்பட்டாங்க, 50 பேருக்கும் மேல இறந்துட்டாங்க. இதை எழுதும்போதும் கை நிக்குது. அதுக்கப்புறம்தான் உலக சுகாதார நிறுவனம் 1998ல மைக்ரோசிஸ்டின் எல்ஆருக்கு, அதாவது மைக்ரோசிஸ்டின்லயே ஒரு வகைக்கு, லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்னு குடிதண்ணி அளவு கொண்டு வந்துச்சு.

2014 ஆகஸ்ட்ல அமெரிக்கால டொலீடோ நகரத்துல 4 லட்சத்துக்கும் அதிகமான பேருக்கு குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்கன்னு சனிக்கிழமை விடிகாலைல சொல்லிட்டாங்க, லேக் ஈரிங்கற ஏரில இருந்து எடுக்குற தண்ணில மைக்ரோசிஸ்டின் வந்ததால. திங்கக்கிழமைதான் தடையை எடுத்தாங்க. அப்போ திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம், கொதிக்க வைக்காதீங்க. கிருமின்னா கொதிச்சா சாகும். இந்த நச்சு கொதிக்கிற சூட்டுல உடையாது, தண்ணி ஆவியாகப் போகப் போக மீதித் தண்ணில நச்சு இன்னும் அடர்த்தியாயிடும். செல் இருந்தா கொதிக்கும்போது கிழிஞ்சு இருக்குற நச்சையும் கொட்டிடும். தண்ணி சந்தேகமா இருந்தா கொதிக்க வைக்கிறது நமக்கு கை வந்த பழக்கம், அதனாலதான் இதை அழுத்திச் சொல்றேன்.

சுத்திகரிப்பு நிலையத்துலயும் அதே பைக் கதைதான். முதல்லயே குளோரின் போட்டா செல் கிழியும். அதனால செல்லை முழுசா திரட்டி எடுத்துட்டு, மிச்சம் கரைஞ்சிருக்குற நச்சுக்கு ஆக்டிவேட்டட் கார்பன்ங்கற கரித்தூளோ ஓசோனோ போட்டு, கடைசில குளோரின். மைக்ரோசிஸ்டினை குளோரின் உடைக்கும், ஆனா பிஎச் 8க்குக் கீழ இருக்கணும், நேரம் குடுக்கணும். பாசி பெருகின ஏரில பிஎச் பகல்ல 9, 10னு ஏறிடும்ங்கறதை மறந்துடக் கூடாது. அனாடாக்சின் குளோரினுக்கு மசியாது. தண்ணி எடுக்குற ஆழத்தை மாத்தினாலே சில சமயம் பாதி தொல்லை குறையும், ஏன்னா ஏடு மேலதான் மிதக்குது.

ஏரிக்குப் போறவங்களுக்கு நான் சொல்றது ரொம்பச் சின்ன விஷயம். ஏடு படிஞ்ச கரைல குழந்தைங்களை இறக்காதீங்க, நாயை விடவே விடாதீங்க, அது குடிக்கலைன்னாலும் வெளில வந்து முடியை நக்கும், அதுலயே செத்துப் போன நாய்ங்க எத்தனையோ. பச்சை போனதும் உடனே இறங்காதீங்க, நச்சு இன்னும் சில நாள், சில சமயம் சில வாரம்கூட தண்ணில இருக்கும். மீன் பிடிச்சா ஈரல், குடல் எல்லாம் எறிஞ்சுடுங்க.

நண்பருக்குச் சொன்ன முதல் வேலை ஜாடி சோதனை. கைல உறை போட்டுக்கிட்டு, ஏட்டை அள்ளாம அதுக்குக் கீழ இருக்குற தண்ணியை ஒரு கண்ணாடி ஜாடில முக்கால்வாசி எடுத்து, மூடி, ஃபிரிட்ஜ்ல ஒரு ராத்திரி ஆடாம வெக்கணும். காலைல பச்சை அடில படிஞ்சிருந்தா பெரும்பாலும் வேற பாசி, மேல வளையம் கட்டி மிதந்தா சயனோபாக்டீரியாவா இருக்க வாய்ப்பு அதிகம். நச்சு இருக்கா இல்லையான்னு இது சொல்லாது, அதுக்கு லேப்புக்குத்தான் அனுப்பணும், ஆனா யாரை எச்சரிக்கணும்னு அன்னிக்கே முடிவு பண்ணலாம்.

எங்க ஏரில நாலு வருஷமா நாங்க பண்ணினது வாய்க்கால் வேலைதான். மழை பேஞ்ச முதல் ஒரு மணி நேரத்துல ஏழு வாய்க்கால்லயும் தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணோம், பாஸ்பரஸ்ல பாதிக்கு மேல ஒரே வாய்க்கால்ல இருந்து வந்துச்சு, மேல போய்ப் பாத்தா செப்டிக் டேங்க் நிரம்பி வழியுது. அதை அடைக்க வைக்கறதுக்கு மட்டும் ஒன்றரை வருஷம் ஆச்சு. கரையோரம் நாணல் வளர விட்டோம், வெட்டச் சொன்னவங்ககிட்ட நின்னு பேசினோம். கருப்பு வெள்ளைத் தட்டு ஒண்ணைக் கயித்துல கட்டித் தண்ணில இறக்கி எவ்வளவு ஆழம் வரைக்கும் தெரியுதுன்னு பாக்கிற பழைய சோதனை, செக்கி தட்டுன்னு பேர், அதை வாரம் ஒரு தடவை பண்றேன். முதல் கோடைல 35 செண்டிமீட்டர்ல தட்டு மறைஞ்சுது. இந்தக் கோடைல 80. பச்சை இன்னும் வருது, சேத்துல இருக்கறது தீரல, படிகாரம் போடலாமான்னு ஆழம், பிஎச் எல்லாம் அளந்துட்டு இருக்கோம், அவசரப்படல.

நேத்து ராத்திரி நண்பர் போட்டோ அனுப்பினார், ஜாடி, மேல விரல் தடிமனுக்கு பச்சை வளையம். மருந்து பத்தி கேக்கல. அவங்க ஏரிக்கு எத்தனை வாய்க்கால் வருதுன்னு எண்ணிட்டு இருக்காராம், இதுவரைக்கும் நாலு.